‘வெல் செட்டில்டு’: நிலைபெற்றவர் யார்?



இவ்வாரம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் குறித்து உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். ஆங்கிலம் படித்திராத தாய்மாரும் தயக்கமின்றி உச்சரிக்கும் சொல் அது: ‘வெல் செட்டில்டு’. “மாப்பிள்ளை வெல் செட்டில்டு”, “நல்ல குடும்பம், வெல் செட்டில்டு” என்று நாம் சொல்லுகிறோம். செய்தித்தாள்களின் மணமகன் தேவை விளம்பரங்களில் அது இருக்கிறது. கைப்பேசியில் சுற்றிவரும் திருமண விவரத் தாள்களில் இருக்கிறது. ஆராதனை முடிந்தபின் நம் கைகளில் தரப்படும் ஜெபக் குறிப்புகளிலும் இருக்கிறது: “என் மகன் சீக்கிரம் செட்டில் ஆக வேண்டும், ஜெபியுங்கள் ஐயா.” இரண்டு சொற்கள் ஒட்டி ஒரு பெயரடையாக நின்று, ஒரு மனிதனைப் பற்றி அறிய வேண்டிய யாவற்றையும் அறிவித்துவிட்டதுபோல் நமக்குத் தோன்றச் செய்கின்றன.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாம் பிறரை எந்தச் சொல்லால் அளக்கிறோமோ, அந்த அளவுகோலின்படியே நம் பிள்ளைகளும் தங்களை அளந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். இந்தச் சொல் இன்று நம் சபைகளில் ஒரு நியாயாதிபதியைப்போல் உட்கார்ந்திருக்கிறது. ஒருவனை ‘ஏற்றவன்’ என்றும் மற்றொருவனை ‘இன்னும் தேறாதவன்’ என்றும் அது தீர்ப்பளிக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு வேதத்தின் ஆதரவு இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதை இங்கே விளக்க முயலுகிறேன்.

சொல்லின் பொருள்

ஆங்கிலத்தில் ‘செட்டில்’ என்ற சொல்லின் மூலம் ‘இருக்கை’ என்னும் பொருளுடைய ஒரு பழஞ்சொல். உட்காருதல், ஓரிடத்தில் தங்குதல், கலங்கியது தெளிதல், வழக்கு முடிவுக்கு வருதல், கடன் தீர்தல் என்று அதன் கிளைகள் பல. ஆனால் நல்ல வருமானமும் சொந்த வீடும் உடைய மணமகனைச் சுட்டுவதற்கு ‘வெல் செட்டில்டு’ என்பது பெரும்பாலும் நம் நாட்டில் நாமே வளர்த்துக்கொண்ட வழக்கு. வசதியானவரைக் குறிக்க ஆங்கிலேயர் வேறு சொற்களையே பயன்படுத்துவர்.

நம் கொங்கு வட்டாரத்தில் இச்சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சொந்த வீடு; சாலையோரத்தில் இரண்டு மனையிடம்; அரசு வேலை, இல்லாவிட்டால் மென்பொருள் வேலை, இல்லாவிட்டால் வெளிநாடு; உடன்பிறந்த பெண்களுக்கு ஏற்கெனவே திருமணம் முடிந்திருப்பது, அதாவது ‘பொறுப்பு எதுவும் இல்லை’ என்பது. இவை நான்கும் இருந்தால் அவன் செட்டில்டு. அவன் கோபக்காரனா, உண்மையுள்ளவனா, மதுவுக்கு அடிமையானவனா, தேவனுக்குப் பயப்படுகிறவனா என்ற கேள்விகள் அச்சொல்லுக்குள் இடம்பெறவே இல்லை. அவை ‘அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கப்படுகின்றன.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இச்சொல் இன்னும் கடினமாகிறது. “பெரியவளை செட்டில் பண்ணியாயிற்று” என்கிறோம். ஒரு கணக்கை முடித்ததுபோல, ஒரு வழக்கைத் தீர்த்ததுபோல ஒலிக்கிறது அந்த வாக்கியம். தேவசாயலாகப் படைக்கப்பட்ட ஒரு ஆத்துமாவைப் பற்றி அவ்வாறு பேசலாமா என்று நாம் நின்று யோசிப்பதில்லை.

பெற்றோரின் ஏக்கம் பாவமா?

இதைச் சொல்லும்போது ஒரு தாயின் கவலையை நான் இகழவில்லை. தன் குடும்பத்தாருக்கு வேண்டியதைச் செய்யாதவன் விசுவாசத்தையே மறுதலித்தவன் என்று பவுல் கடுமையாக எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:8). தன் மகள் பசியறியாமல் வாழவேண்டும், வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு அலையாமல் இருக்கவேண்டும் என்று விரும்புவது அன்பின் இயல்பு. வறுமையை அனுபவித்தவர்களே இதை அதிகமாய் விரும்புகிறார்கள். அவர்களைக் கேலி செய்ய ஒருவருக்கும் உரிமையில்லை.

வேதத்திலும் அப்படி ஒரு தாய் இருக்கிறாள். நகோமி தன் மருமகளாகிய ரூத்தைப் பார்த்து, அவள் நன்றாயிருக்கும்படி அவளுக்கு ஓர் இளைப்பாறும் இடத்தைத் தேடவேண்டும் என்கிறாள் (ரூத் 3:1). ‘நன்றாக’, ‘இளைப்பாறும் இடம்’: நம் ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளும் அந்த ஒரு வசனத்திலேயே இருக்கின்றன. ஆகவே கேள்வி, செட்டில் ஆகலாமா கூடாதா என்பதல்ல. எதன்மேல் என்பதே கேள்வி.

நகோமி எதைப் பார்த்தாள்? போவாஸ் வசதியுள்ளவன்தான், அதை வேதம் மறைக்கவில்லை. ஆனால் அவனைக் குறித்து நகோமி முதலில் போற்றியது அவனுடைய தயவை (ரூத் 2:20). கடைசியில் அவள் நம்பியது, எடுத்த காரியத்தை முடிக்காமல் இளைப்பாறமாட்டான் என்ற அவன் உண்மையை (ரூத் 3:18). அந்த நிகழ்ச்சியில் இன்னொரு மனிதனும் வருகிறான். உறவில் போவாஸைவிட நெருங்கியவன். நிலம் வாங்கச் சம்மதித்தவன், ரூத்தையும் ஏற்கவேண்டும் என்றதும் தன் சொந்தச் சுதந்தரத்துக்குக் கேடு வருமென்று பின்வாங்கினான் (ரூத் 4:6). தன் ஆஸ்தி குலையாமல் காத்துக்கொண்ட அவனே நம் அளவுகோலின்படி வெல் செட்டில்டு. அவனுடைய பெயரை வேதம் பதிவு செய்யவே இல்லை.

இச்சொல் யாரைக் காயப்படுத்துகிறது?

அவிநாசியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் தாங்கி நிற்பவர்கள் யார்? விசைத்தறிக் கூடங்களில் இரவும் பகலும் நிற்பவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் இயந்திரங்களில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள். கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று சனிக்கிழமைச் சம்பளத்தை எதிர்நோக்கி வாரம் முழுதும் உழைப்பவர்கள். மானாவாரி நிலத்தில் மழையை எதிர்நோக்கும் விவசாயிகள். தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து நம் வீதிகளில் குடியிருப்போரும் இவர்களுள் அடங்குவர். நம் காணிக்கைப் பெட்டியில் விழும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் கைகளிலிருந்துதான் வருகிறது. ஆயினும் திருமணப் பேச்சு எழும்போது, “பையன் நல்லவன்தான், ஆனால் கம்பெனிக்குத்தானே போகிறான்” என்று கதவு சாத்தப்படுகிறது. தோட்டம் வைத்திருக்கும் இளைஞனுக்கும் பெண் தேடுவது எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை.

அடுத்த காயம் கடன். செட்டில் ஆனவனாய்க் காணப்பட வேண்டும் என்பதற்காகவே தவணையில் கார் வாங்குகிறார்கள். வட்டிக்கு வாங்கி மண்டபம் பிடிக்கிறார்கள். ‘நிலைபெற்றவன்’ என்று பெயர் வாங்க எடுத்த கடனே வீட்டின் அஸ்திபாரத்தை ஆட்டுகிறது.

மூன்றாவது, இதைச் சொல்லாமல் விடக்கூடாது: வரதட்சணை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. ஆகவே இன்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. “நாங்கள் வெல் செட்டில்டு, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்கிறார்கள். அந்தச் சொல்லே விலைப்பட்டியலாகிறது. எவ்வளவு செட்டில்டோ, அவ்வளவு சவரன். ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடியும் நிச்சயதார்த்தங்களிலும் இது நடக்கிறது என்பதை நாம் அறிவோம்.

நிலையாய்த் தோன்றியவை

இவ்வளவு விலை கொடுத்து நாம் நாடும் அந்த நிலைதான் எவ்வளவு நிலையானது? நம் பகுதியின் சமீபகால வரலாற்றை நினைத்துப் பாருங்கள். நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; அன்றுவரை வசதியாய் வாழ்ந்த குடும்பங்கள் ஒரே உத்தரவில் தடுமாறின. 2020 மார்ச் மாத ஊரடங்கில் இயந்திரங்களெல்லாம் ஓய்ந்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, கடல் கடந்த ஒரு நாட்டின் முடிவு நம் வீட்டு அடுப்புவரைக்கும் வந்தது. சாயப்பட்டறை உரிமையாளர், ஏற்றுமதியாளர், மென்பொருள் பொறியாளர் யாராயினும், நேற்றைய ‘வெல் செட்டில்டு’ இன்று அப்படியே நிற்கும் என்று ஒருவராலும் உறுதி கூற முடியாது.

இயேசுநாதர் சொன்ன ஐசுவரியவானின் உவமை நினைவுக்கு வருகிறதல்லவா? விளைச்சல் பெருகி, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டு, தன் ஆத்துமாவை இனி இளைப்பாறச் சொன்னவன் அன்றிரவே அழைக்கப்பட்டான் (லூக்கா 12:16-21). அந்த உவமை எப்போது சொல்லப்பட்டது என்பதையும் கவனியுங்கள். சகோதரன் தனக்குச் சொத்தில் பாகம் பிரித்துத் தர வேண்டும் என்று ஒருவன் ஆண்டவரிடம் முறையிட்டபோதே அது சொல்லப்பட்டது (லூக்கா 12:13). பாகப்பிரிவினையால் பிளந்து கிடக்கும் நம் குடும்பங்கள் அந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்க வேண்டும்.

அடியில் தங்கும் வண்டல்

‘செட்டில்’ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு: கலங்கிய நீரின் கசடு அடியில் படிந்து தங்குதல். இந்தப் பொருளில் செட்டில் ஆன ஒரு தேசத்தைப் பற்றி எரேமியா தீர்க்கதரிசி பேசுகிறார். மோவாப் தன் சிறுவயதுமுதல் தொந்தரவின்றி, திராட்சரசம் தன் வண்டலின்மேல் அசையாமல் இருப்பதுபோல இருந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அது வார்க்கப்படவில்லை. ஆகவே அதன் பழைய ருசியும் பழைய வாசனையும் மாறாமலே இருந்தன என்கிறார் (எரேமியா 48:11). திராட்சரசத்தை உரிய காலத்தில் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் அடியிலுள்ள கசடு அதைக் கெடுத்துவிடும். அசையாமல் இருந்ததே மோவாபின் நோய். செப்பனியாவோ எருசலேமைக் குறித்தே இதைச் சொல்லுகிறார்: வண்டலின்மேல் உறைந்துபோனவர்கள், கர்த்தர் நன்மையும் செய்யமாட்டார் தீமையும் செய்யமாட்டார் என்று உள்ளத்தில் எண்ணிக்கொண்டார்கள் (செப்பனியா 1:12). தேவன் வேண்டியதில்லை என்று வாயால் சொல்லாமலே தேவனின்றி வாழப் பழகிவிடுவது வசதியின் பெரிய ஆபத்து.

வண்டல் என்றால் என்னவென்று நமக்குத் திராட்சரசத்தின் மூலம் தெரியாமற்போகலாம்; குளங்களின் மூலம் நன்கு தெரியும். நம் பகுதி மக்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் காத்திருந்து கேட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரிநீர் காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து குழாய்கள் வழியே கொண்டுவரப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பப்படுகிறது. ஆனால் தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? குளத்தில் வண்டல் தங்கித் தங்கி மேடானால், எவ்வளவு நீர் வந்தாலும் கொள்ளாது. அதே வண்டலை வெட்டியெடுத்து வயலில் பரப்பினால் அது உரமாகிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் ஏரி குளங்களின் வண்டல் மண்ணை அனுமதி பெற்று எடுத்துச் செல்வது இதனால்தான். தங்கிய இடத்தில் குளத்துக்குச் சுமை. பெயர்த்துச் சென்ற இடத்தில் வயலுக்கு வளம்.

நம் ஐசுவரியமும் அப்படியே. தங்கினால் நம் ஆத்துமாவின் ஆழத்தைக் குறைக்கும். எடுத்துப் பரப்பினால் பிறருடைய நிலத்தை விளையச் செய்யும். இதற்கு எதிரான சாட்சியாக ஒரத்துப்பாளையம் அணை நிற்கிறது. விவசாயத்துக்கென 1992-இல் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அந்த அணையில், நம் தொழிலின் சாயக்கழிவு வந்து தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டியதே பாசனத்துக்கு உதவாமற்போயிற்று. நமக்குச் செழிப்பைத் தந்ததன் கசடு, கீழே இருந்த விவசாயியின் கிணற்றில் தங்கியது. ஒருவர் செட்டில் ஆவதன் விலையை யார் செலுத்துகிறார் என்று கேட்பதும் விசுவாசிகளின் கடமை.

இங்கே மறுபடியும் ரூத்தை நினையுங்கள். அவள் எந்த ஊர்க்காரி? மோவாபியப் பெண்! பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு வார்க்கப்படாத அந்தத் தேசத்திலிருந்து, வார்க்கப்படச் சம்மதித்து எழுந்து நடந்தவள் அவள். கணவனை இழந்தாள், தாய்வீட்டை விட்டாள், அந்நிய ஊரில் பிறர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கினாள். அசையாத மோவாபின் வாசனை மாறவில்லை. அசைந்த ரூத்தோ தாவீதின் பூட்டியானாள், மேசியாவின் வம்ச அட்டவணையில் பெயர் பெற்றாள் (மத்தேயு 1:5). நம் வீதியில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலப் பெண்ணைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தைத்துப் பிழைத்த ஒரு தம்பதி

நம் திருமண விவரத் தாளில் ஆக்கில்லாவின் பெயரை எழுதினால் எப்படி இருக்கும்? பிறந்த ஊர்: பொந்து. இருந்த ஊர்: ரோமாபுரி; கிலவுதியு இராயனின் கட்டளையால் வெளியேற்றப்பட்டார். தற்போது: கொரிந்து. தொழில்: கூடாரம் செய்தல் (அப்போஸ்தலர் 18:2-3). சொந்த வீடு என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் உறுதியாயில்லை. நம்மில் எத்தனை பேர் அந்தத் தாளை இரண்டாம் முறை வாசித்திருப்போம்?

ஆனால் அந்தக் குடும்பத்தில் பவுல் தங்கி அவர்களோடு தொழில் செய்தார். அவரும் தங்குவதற்கு நிலையான இடமில்லாதவர்தான் (1 கொரிந்தியர் 4:11). பின்பு எபேசுவுக்கு இடம்பெயர்ந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், கல்வியில் சிறந்த அப்பொல்லோவுக்கே தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). அவர்கள் வீட்டிலே சபை கூடிற்று (1 கொரிந்தியர் 16:19). பவுலின் உயிரைக் காக்கத் தங்கள் உயிரையே பணயம் வைத்தார்கள் (ரோமர் 16:3-5). ஊர் மாறிற்று, வாடகை மாறிற்று, அரசன் மாறினான். அவர்கள் இருவரும் ஆண்டவரிலும் ஒருவரிலொருவரும் நிலைத்திருந்தார்கள். வெல் செட்டில்டு தம்பதி என்று நான் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவர்களைச் சொல்லுவேன்.

தீர்ந்த கணக்கு, எழுதப்பட்ட பத்திரம்

இச்சொல்லை நாம் அன்றாடம் பயன்படுத்தும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. அவற்றில் சுவிசேஷமே ஒளிந்திருக்கிறது.

ஒன்று, கணக்கு செட்டில் செய்தல். கடையில் பாக்கி தீர்ந்தால் “செட்டில் ஆயிற்று” என்கிறோம். வங்கியில் கடன் கட்ட முடியாதவருக்கு ‘ஒன் டைம் செட்டில்மெண்ட்’ என்று ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடிப்பதுண்டு. அங்கே கொடுத்தவர் கொஞ்சம் இழக்கிறார், வாங்கியவர் மீதியைச் செலுத்துகிறார். கல்வாரியில் அப்படி நடக்கவில்லை. நமக்கு எதிராயிருந்த கடன்பத்திரம் முழுவதையும் குலைத்து, அதைச் சிலுவையில் ஆணியடித்தார் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார் (கொலோசெயர் 2:14). நம் பங்குக்கு ஒரு தவணையும் மிச்சமில்லை.

மற்றொன்று, செட்டில்மெண்ட் பத்திரம். தந்தை மகளுக்கோ, அண்ணன் தம்பிக்கோ, பிரதிபலன் ஒன்றும் பெறாமல் அன்பினால் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்யும்போது, ‘என்ன விலைக்கு?’ என்ற கேள்விக்கு ‘அன்பு’ என்பதே பதில். ஆகவே நம் ஊரின் சட்ட வழக்கில் செட்டில் செய்தல் என்பதே கொடுத்தல்! திருமணப் பேச்சில் சேர்த்துவைத்தலைக் குறிக்கும் அதே சொல், பத்திரத்தில் தந்துவிடுதலைக் குறிக்கிறது. தேவன் தம் குமாரனில் நமக்கு எழுதிக்கொடுத்ததும் இத்தகைய பத்திரமே. நம் பக்கத்தில் பிரதிபலன் ஒன்றுமில்லை.

ஆகையால் ஒரு கிறிஸ்தவன் எப்போது வெல் செட்டில்டு ஆகிறான்? தன் கடன் தீர்க்கப்பட்டது என்று அறிந்தபோது. தனக்கு அன்பினால் எழுதிக்கொடுக்கப்பட்டது என்று நம்பியபோது. ஆகவே தானும் கொடுக்கப் பயப்படாதபோது.

நாம் செய்ய வேண்டியவை

இதை வாசித்துவிட்டு “நல்ல செய்தி, ஐயா” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நம் சபையார் அனைவரிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுவே.

நீங்கள் தயாரிக்கும் திருமண விவரத் தாள்களில் இச்சொல்லை எழுதாதிருங்கள். தொழில் என்ன, வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை உண்மையாய் எழுதுங்கள். மறைக்கப்பட்ட கடனைவிட, அறிவிக்கப்பட்ட குறைந்த வருமானம் ஆயிரம் மடங்கு உறுதியான அஸ்திபாரம்.

பெண்ணையோ மாப்பிள்ளையையோ விசாரிக்கும்போது கேள்விகளை மாற்றுங்கள். தாயிடமும் சகோதரியிடமும் அவன் எப்படிப் பேசுகிறான்? சனிக்கிழமைச் சம்பளம் முதலில் எங்கே போகிறது? வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பினானா? வேலை போன மாதத்தில் எப்படி நடந்துகொண்டான்? தன்னைவிட ஏழையானவனை எவ்விதமாய் நடத்துகிறாள்? இக்கேள்விகளுக்கான விடைகளை எந்தச் சொத்து மதிப்புச் சான்றிதழும் தராது. உடன் வேலைசெய்பவரும் அடுத்த வீட்டாரும் தருவார்கள்.

வசதியுள்ளவர்களே, உங்கள் குளத்து வண்டலை எடுங்கள். ஒரு தையல்காரரின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், கணவனை இழந்த சகோதரிக்கு ஒரு பவர்டேபிள் தையல் இயந்திரம், வட்டிக்காரரிடம் சிக்கிய குடும்பத்துக்கு வட்டியில்லாத உதவி என்று அது போய்ச்சேர வேண்டிய வயல்கள் நம் நடுவிலேயே இருக்கின்றன.

இளைஞரே, செட்டில் ஆனவராய்க் காட்டிக்கொள்ளக் கடன் வாங்காதிருங்கள். தேநீரோடு முடியும் எளிய திருமண விருந்து ஒருவருக்கும் அவமானமல்ல. வரதட்சணை வேண்டாம் என்று உங்கள் பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள். போதகர் சொல்வதைவிட அது வலிமையானது.

சபையாரே, முப்பது வயது கடந்த சகோதரனையோ சகோதரியையோ ஆலய வாசலில் நிறுத்தி, “இன்னும் செட்டில் ஆகவில்லையா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே ஆராதனை முடியுமுன் எழுந்து போகிறவர்கள் உண்டு. மனுஷகுமாரனுக்கே தலைசாய்க்க இடமில்லாதிருந்தது (லூக்கா 9:58). அவரை ஆராதிக்க வந்தவர்களிடம் வீட்டுப் பத்திரம் கேட்பது நமக்குத் தகுமோ?

நம் ஊரின் பெயர்

விநாசம் என்றால் அழிவு. அவிநாசி என்றால் அழிவற்றது. திருப்புக்கொளியூர் என்று பழங்காலத்தில் வழங்கிய இவ்வூருக்கு இப்பெயர் நிலைத்துவிட்டது. பேருந்தின் நெற்றியிலும் கடைப் பலகையிலும் தினமும் இதை வாசிக்கிறோம், பொருளை நினைப்பதில்லை. அழியாதது எது என்ற கேள்வியைத் தன் பெயரிலேயே சுமக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, அழிந்துபோகிறவற்றின்மேல் நம் பிள்ளைகளை நாட்டலாமா?

பேதுரு தம் முதல் நிருபத்தைச் சிதறுண்டு அந்நியராய் வாழ்ந்தவர்களுக்கு எழுதினார் (1 பேதுரு 1:1). அவர்களில் ஒருவரும் நம் வழக்கின்படி செட்டில் ஆனவர்கள் அல்லர். அவர்களுக்கே அவர், அழியாததும் மாசற்றதும் வாடாததுமான ஒரு சுதந்தரம் பரலோகத்தில் காத்துவைக்கப்பட்டிருக்கிறது என்கிறார் (1 பேதுரு 1:4). அது பத்திரத்தில் எழுதப்பட்டுவிட்ட சொத்து. அந்த நிருபம் முடியுமுன், கொஞ்சக்காலம் பாடநுபவித்தவர்களைத் தேவன் தாமே சீராக்கி, உறுதிப்படுத்தி, பெலப்படுத்தி, நிலைநாட்டுவார் என்றும் வாக்களிக்கிறார் (1 பேதுரு 5:10). அங்கே ‘நிலைநாட்டுதல்’ என்று வருமிடத்தில் பழைய ஆங்கில வேதாகமம் பயன்படுத்தும் சொல் எது தெரியுமா? ‘செட்டில்’ என்பதே. நம்மைச் செட்டில் செய்கிறவர் தேவன். வேலையும் வீடும் மனையும் அவர் கையிலிருந்து வரும்போது நன்றியோடு பெற்றுக்கொள்வோம். போகும்போது அவரிலேயே நிற்போம்.

ஜெபிப்போம்:

எங்கள் பரம பிதாவே, எங்கள் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம். அவர்களுக்கு அன்றன்றுள்ள ஆகாரமும் தங்கும் இடமும் நல்ல துணையும் தாரும். ஆஸ்தியைக் கண்டு மனிதரை மதிக்கும் கண்களை எங்களிலிருந்து எடுத்துப்போடும். எங்களில் தங்கிவிட்ட வண்டலை நீரே வெட்டியெடுத்து, விளைய வேண்டிய நிலங்களில் பரப்பும். வேலையின்றித் தவிப்போரையும், வரன் தேடிக் களைத்தோரையும், கடனில் கலங்குவோரையும் தேற்றும். நாங்கள் எங்கே வார்க்கப்பட்டாலும் உம்மிலே நிலைத்திருக்கக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.